முழங்காலுக்குக் கீழே துரு

கல்யாணமாகி எட்டு மாதத்தில் பூரணி சத்தமில்லாமல் சண்டை போடக் கற்றுக்கொண்டிருந்தாள். தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் அவர்களுக்கு இருந்தது ஒரே காம்பரா, ஒற்றை அறை. குறுக்கே ஒரு பழைய சேலை. சேலைக்கு இந்தப் பக்கம் அவளும் நிரோஷனும். அந்தப் பக்கம் மாமியார் அம்மாக்கண்ணு, மாமனார், நாத்தனார் ஜீவராணி, அவளுடைய இரண்டு பிள்ளைகள். கோபம் வந்தால் புருஷனின் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவாள். சிரிப்பு வந்தால் தலையணையைக் கடித்துக்கொள்வாள். இருட்டில் அவன் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் கோபத்தின் காரணமே பாதி மறந்துபோகும்.

நிரோஷன் கினிகத்தேனை டவுனில் ஒரு கராஜில் டிங்கரிங் வேலை பார்த்தான். அந்தக் கராஜின் பின்மூலையில் ஒரு கேரவன் கிடக்கிறது, முதலாளி அதை இழுத்துக்கொண்டு போகச் சொல்கிறார் என்று அவன் ஒருநாள் வந்து சொன்னபோது, என்ன நிறம், எத்தனை அடி என்றெல்லாம் பூரணி கேட்கவில்லை.

"கதவு இருக்குங்களா?"

"இருக்கு."

"உள்ளுக்குத் தாழ்ப்பாள்?"

"அதுவும் இருக்கு. துருப்பிடிச்சு இறுகிக் கெடக்கு."

"எண்ணெ போட்டா திறந்துட்டுப் போவுது" என்றாள்.

ஆற்றங்கரை ஹோட்டல் ஒன்று வெள்ளைக்காரர்கள் தங்குவதற்காக வாங்கிய வண்டி அது. ஏதோ ரிப்பேருக்குக் கராஜுக்கு வந்தது. அந்த மாதமே கொரோனாவும் வந்தது. ஹோட்டலை மூடினார்கள், வண்டியைத் தேடி ஒருவரும் வரவில்லை. ஆறு வருஷம் கினிகத்தேனை மழையில் நின்றால் இரும்பு என்னவாகும்? ஜன்னல் விளிம்பெல்லாம் பொருக்குத் தட்டி, அடித்தகடு சல்லடையாகி, சக்கரத்துக்கு மேலே விரல் நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டைகள். பக்கத்துக் காம்பரா யோகேஸ்வரன் கொழுந்து ஏற்றும் டிராக்டரில் கட்டி அதை இழுத்துக்கொண்டு வந்தபோது லயத்துப் பிள்ளைகள் "பாண் வண்டி! பாண் வண்டி!" என்று பேக்கரி வண்டி வந்துவிட்ட மாதிரி கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தன.

அம்மாக்கண்ணு இஸ்தோப்புத் திண்ணையில் நின்று பார்த்தாள். கொழுந்து பறிக்கையில் நனையாமல் இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"ஒரே காம்பராவுல நாங்க பத்து பேரு கெடந்தோம்" என்றாள் யாரிடமும் சொல்லாத மாதிரி. "ஒருத்தருக்கும் மூச்சு முட்டல."

பூரணிக்கு அது சுருக்கென்றது.

வீடு கட்ட வழியில்லை என்பதால்தான் வண்டி. தோட்டத்துக் காணியில் ஒரு கல்லை வைத்துக் கட்டுவதென்றாலும் தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி வாங்க வேண்டும். போன வருஷம் யோகேஸ்வரன் சமையல் குசினிக்கு ஒரே ஒரு சுவர் எழுப்பினான். ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஆள் வைத்து இடித்துவிட்டார்கள். வண்டி நிறுத்தக் கூடாது என்று மட்டும் எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. டவுனில் போட்டோகொப்பி அடிக்கும் கொமினிகேஷன் கடையில் வேலை செய்யும் பூரணி, மத்தியான நேரம் சிங்களத்தில் ஒரு கடிதம் டைப் அடித்தாள். அதில் வீடு என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டாள்.

கடிதத்தைத் தோட்ட மேற்பார்வையாளரான கண்டாக்கு பத்திநாதன் இரண்டு தடவை படித்தார். அந்த டிவிஷன் முழுக்க அவருடைய கண்ணுக்குக் கீழேதான்.

"'ஓய்வெடுக்கும் வசதி கொண்ட இழுவை வாகனம்.' யாரு புள்ள எழுதினது?"

"நான்தாங்கையா."

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா தொரைக்குக் கண்ணு இருக்கே." கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "வர்ற சனிக்கிழமை அவரு இந்தப் பக்கம் வர்றாரு. பழைய இரும்புக் குப்ப மாதிரி நின்னா தூக்கச் சொல்லிருவாரு. அதோட, எல்லாருக்கும் முன்னால சக்கரம் சுத்தணும். சுத்துனா வண்டி. சுத்தாட்டி கட்டடம். கட்டடம்னா என்ன நடக்கும்னு யோகேசு கிட்டக் கேளு."

அன்றைக்குத் திங்கட்கிழமை. அதற்கு முன்னமே இரண்டு வாரமாக அவர்கள் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். நிரோஷன் கராஜிலிருந்து வந்ததும் கம்பி பிரஷை எடுப்பான். பூரணி சான்ட் பேப்பரை எடுப்பாள். துரு செம்மண்ணாய் உதிர்ந்து இருவர் தலையிலும் படியும். பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும், கொஞ்சம் விட்டாலும் பூச்சுக்குள் இருந்துகொண்டே அது தின்னும் என்றான் நிரோஷன். தேய்த்தும் போகாத இடத்துக்கு ஒரு மருந்து. பால் மாதிரி இருக்கும். பூசினால் துரு மெல்ல மெல்லக் கறுக்கும். கறுத்து நின்றுவிட்டால் பயமில்லை. அதற்கு மேல் துருத் தடுப்புக்குச் சிவப்பு அண்டிகொரசிவ் பூச்சு. ஓட்டைகளுக்குத் தகடு வெட்டி ஒட்டி, பட்டி வைத்து இழைத்தான். கடைசியில்தான் நிறம். ஒரு தனியார் பஸ்ஸுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் கராஜில் இருந்தது.

"பஸ் மஞ்சளா?" என்றாள் பூரணி.

"ஏன், பிடிக்கலியா?"

"இல்ல. யாராச்சும் கைகாட்டி ஏறிருவாங்களோன்னு பாக்குறேன்."

மழை விட்ட இடைவெளிகளில்தான் வேலை. மேலே படங்கு கட்டி, அடியில் கரிச்சட்டி வைத்துத் தகட்டைச் சூடாக்கி, ஈரம் போனபிறகே பிரஷை வைத்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மஞ்சள் அடித்து முடித்தபோது, பச்சையைத் தவிர வேறொன்றும் இல்லாத அந்த மலைச்சரிவில் வண்டி ஒரு பெரிய எலுமிச்சம்பழமாக நின்றது. வேலை முடிந்த தெம்பில் நிரோஷன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவனுடைய கைத்தோல் மருந்து பட்டு உரிந்திருந்தது. பூரணி ஜன்னலுக்கு என்ன துணி தைப்பது என்று யோசித்தாள். முதன்முதலாக அந்த ஜன்னலை உள்ளேயிருந்து சாத்தும்போது என்ன சத்தம் கேட்கும் என்றும் யோசித்தாள்.

புதன்கிழமை அவள் கடையிலிருந்து வந்தபோது சக்கரத்துக்கு மேலே ஒரு காவிக்கோடு வடிந்திருந்தது. துடைத்தாள். விரலோடு மஞ்சளும் கழன்று வந்தது, அடியில் துரு.

வியாழக்கிழமை சுற்றிலும் கொப்புளம். அம்மை போட்ட மாதிரி. தொட்டால் உடைந்து காவித் தண்ணீர் வழிந்தது.

நிரோஷன் கம்பி பிரஷைத் தூக்கித் தேயிலைக்குள் எறிந்தான். பிறகு அவனே போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்தான்.

"மருந்து போலியா இருக்குமோ?" என்றாள் பூரணி.

"அதே போத்தலத்தான் பஸ்ஸுக்கும் பூசினேன். பஸ்சு நல்லாத்தான் ஓடுது." படியில் உட்கார்ந்தான். "எனக்குத்தான் வேல தெரியல. ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்குறேன். நம்மளுக்குன்னு ஒண்ணு செய்ய வந்தா இப்பிடி."

அவன் குளிக்கப் போனபிறகு பூரணி வண்டியைத் தனியாக ஒரு தடவை சுற்றி வந்தாள். கூரை நன்றாக இருந்தது. ஜன்னல் விளிம்பு நன்றாக இருந்தது. கேடெல்லாம் முழங்காலுக்குக் கீழேதான். அதற்கு மேல் ஒரு புள்ளிகூட இல்லை. மழை மேலேயிருந்துதானே பெய்யும்? கீழேயிருந்து எந்த மழை வரும்?

குனிந்து சக்கரத்தின் உட்பக்கம் விரலை விட்டாள். நறநறவென்று ஏதோ ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

அப்போதுதான் வீட்டில் உப்பு நிற்காமல் போன கதை நினைவுக்கு வந்தது. இரண்டு வாரமாக, வாங்கிய பைக்கட்டு மூன்றாம் நாள் காலி. "என்ன மச்சி, உப்ப அள்ளித் திங்கிறியா?" என்று ஜீவராணி இவளைத்தான் கேட்டாள். அம்மாக்கண்ணு அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள், தலையைத் திருப்பவில்லை.

இரண்டு வாரம். வண்டி வந்த நாளிலிருந்து.

அன்றிரவு சேலைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த பூரணி புருஷனின் உள்ளங்கையைப் பிடித்தாள். எழுத நினைத்த வார்த்தை விரல் நுனிவரை வந்தது. எழுதாமல் கையை மூடிவிட்டாள். கண்ணால் பார்க்காமல், அவனைப் பெற்ற தாயைப் பற்றி எப்படி எழுதுவது?

வெள்ளிக்கிழமை, பேர் பதியும் பெரட்டுக்கு ஆட்கள் கிளம்பும் முன், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் எழுந்து வந்து வண்டிக்குப் பின்னால் நின்றாள். நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அம்மாக்கண்ணு வாளியோடு வந்தாள். கையை விட்டுக் கலக்கினாள். செம்பில் மொண்டு சக்கரத்தடியில், கதவுப்படியில், அடித்தகட்டில் சளார் சளாரென்று வீசினாள். கோயில் வேலை செய்வதைப் போல அவ்வளவு கவனமாக, ஒரு மூலையும் விடாமல்.

"அத்தே!"

செம்பு கீழே விழுந்தது. "யாருடி... அய்ய, பூரணியா? பேயாட்டம் வந்து நிக்கிறியே."

"நாங்க தனியாப் போறது பிடிக்கலன்னா வாயால சொல்லியிருக்கலாமே, அத்தே." குரலை அடக்கிப் பேசிப் பழகியவளுக்கு இப்போது அடக்க முடியவில்லை. "எதுக்கு இப்பிடி ஒளிஞ்சு ஒளிஞ்சு கெடுக்குறீங்க?"

"என்னடி கெடுத்தேன்?"

"உப்புத் தண்ணிய ஊத்துறீங்களே!"

"ஊத்தாம?" அம்மாக்கண்ணு இடுப்பில் கை வைத்தாள். "அட்ட ஏறாதா? இந்தா பாரு, எப்பிடித் தரையோட ஒட்டிக்கிட்டு நிக்குது. மழைக்குத் திமுதிமுன்னு ஏறி உள்ள வரும். நீ இங்க வந்த மொத நாளு ஒரே ஒரு அட்டைக்குப் போட்ட சத்தத்துல, கொழுந்து நிறுக்கிற எடத்துல இருந்து ஆளு ஓடி வந்துச்சு. யாரோ செத்துட்டாங்கன்னு. மறந்துட்டியா?"

பூரணி மறக்கவில்லை. அவளுடைய ஊர் லிந்துலை. அந்தக் குளிருக்கு இத்தனை அட்டைகளை அவள் பார்த்ததில்லை. இங்கே காலெடுத்து வைத்த அன்றே கால்விரல் இடுக்கில் ஒன்று. கல்யாணச் சேலையோடு அவள் இஸ்தோப்பில் குதித்த குதியை லயம் இன்றைக்கும் நடித்துக் காட்டும்.

"காம்பராவுல நீ அலறுனா நான் பக்கத்துல இருக்கேன், உப்பயோ சவக்காரத்தயோ தேச்சுப் புடுங்கிப் போடுறேன்" என்றாள் அம்மாக்கண்ணு. "இங்க உள்ளுக்குத் தாப்பாளப் போட்டுக்கிட்டு அலறுனா யாரு வர்றது? அவன் தூங்குனா பொணம். அதான், நீ வர்றதுக்கு முந்தி மண்ணு நல்லா உப்பாகட்டும்னு வந்த நாள்ல இருந்து ஊத்திக்கிட்டு வர்றேன். சொன்னா ஜீவராணி உப்புக்குக் கணக்குக் கேப்பா. பேசாம செஞ்சேன். அது ஒரு குத்தமா?"

பூரணி குனிந்து ஒரு கொப்புளத்தை விரலால் உடைத்துக் காட்டினாள். காவித் தண்ணீர் வழிந்தது. கொஞ்சம் மேலே, முழங்காலுக்கு மேல் மின்னிய மஞ்சளையும் காட்டினாள்.

அம்மாக்கண்ணு வாளியைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், மறுபடியும் வாளியைப் பார்த்தாள்.

"உப்பு இரும்பத் திங்குமா?"

"திங்கும் அத்தே."

"அய்யோ, எம்மவன் கைத்தோலு உரிய உரியத் தேச்சானேடி!" வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அவன்கிட்ட சொல்லிராத. ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். அவங்கப்பனோட சேந்துக்கிட்டு."

பூரணி படியில் உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போவது நன்றாகத் தெரிந்தது. வண்டி இன்னும் கெட்டுத்தான் கிடந்தது. துரை நாளைக்கு வரத்தான் போகிறார். ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தலையணை இல்லாததால் சேலைத் தலைப்பைக் கடித்தாள். அம்மாக்கண்ணுவும் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் அழுது, பிறகு அவளும் சிரித்தாள்.

நிரோஷனிடம் பூரணி, "நாய்தான்" என்றாள்.

"நாயா?"

"கருப்பன்தான். சக்கரம் சக்கரமா கால் தூக்கியிருக்கான். அதுல உப்பு இருக்குல்ல? கீழ மட்டும்தானே கெட்டிருக்கு, நீங்களே பாருங்க."

அவன் குனிந்து பார்த்தான். முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. "அப்ப என் வேல மேல தப்பில்ல!"

"ஒரு தப்புமில்ல."

"இந்தக் கருப்பன...!" என்று எழுந்தான். ஆனால் கோபத்தை விட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. "நல்ல தண்ணியில கழுவணும். நெறையத் தண்ணி வேணும்."

அன்றைக்கு அவன் கராஜுக்குப் போகவில்லை. பூரணியும் கடைக்கு லீவு சொன்னாள். அம்மாக்கண்ணுவும் கொழுந்து மலைக்குப் போகாமல் நின்றுவிட்டாள். ஊற்று விழும் பீலியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தது அவள்தான். இருபது நடை இருக்கும்.

"என்னம்மா, இன்னைக்குப் பேரும் கூலியும் வேணாமா?" என்றான் நிரோஷன்.

"ஏன், எனக்குக் கை இல்லியா? பேசாம தேய்டா."

கழுவி, சுரண்டி, கரிச்சட்டியால் உலர்த்தி, மருந்து வைத்து, சிவப்பு அடித்து, மஞ்சள் அடித்தார்கள். சாயங்காலம் கருப்பனுக்கு அம்மாக்கண்ணு யாருக்கும் தெரியாமல் ஒரு முழு ரொட்டி போட்டதைப் பூரணி பார்த்தாள். நாய் சந்தேகத்தோடு மோந்து பார்த்துவிட்டுத் தின்றது.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. துரை இறங்கி வண்டியை மேலும் கீழும் பார்த்தார். மஞ்சளைக் கண்டு புருவத்தைத் தூக்கினார். பத்திநாதன் அரைக்காற்சட்டையும் முழங்கால்வரை காலுறையுமாக முன்னால் வந்தார்.

"கல்ல எடுங்கப்பா. உருட்டிக் காட்டுங்க."

சரிவில் எது நின்றாலும் சக்கரத்துக்குக் கல் வைப்பதும் ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைப்பதும் இங்கே மூச்சு விடுவது மாதிரி. நிரோஷன் பிரேக்கை விட்டான். கற்களை எடுத்தார்கள். யோகேஸ்வரனும் மாமனாரும் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை.

இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். அசையவில்லை.

"உள்ளுக்குப் பிரேக் ஒட்டிருச்சு" என்றான் நிரோஷன் மெல்ல. "துரு." வெளியே தெரிந்த துருவையெல்லாம் துரத்தியாயிற்று. சக்கரத்துக்குள் இருந்ததை ஒருவரும் நினைக்கவில்லை. பூரணி மாமியாரைப் பார்த்தாள். அம்மாக்கண்ணுவின் முகம் வெளுத்திருந்தது.

துரை மணிக்கூட்டைப் பார்த்தார். பத்திநாதனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பத்திநாதன் பூரணியைப் பார்க்காமல் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

"அஞ்சு நிமிஷம் சேர்" என்று பூரணி சிங்களத்திலேயே கத்திவிட்டாள். "வண்டிதான் சேர். குளிருக்கு விறைச்சிருக்கு."

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் சரி என்றார்.

நிரோஷன் சுத்தியலோடு அடியில் புகுந்தான். டங், டங் என்று உள்ளே அடிக்கும் சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. ஒரு சக்கரம், பிறகு மற்றது. "இப்பத் தள்ளுங்க!" அம்மாக்கண்ணு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போய்த் தோளைக் கொடுத்தாள். பக்கத்தில் பூரணி. ஜீவராணியும் வந்தாள். "ஏலேலோ!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். முன்னும் பின்னும் ஆட்டினார்கள். மூன்றாம் ஆட்டலில் உள்ளே ஏதோ 'டக்' என்றது.

வண்டி உருண்டது. ஒரு அடி. ஐந்து அடி. பிறகு அதற்கே ஆசை வந்துவிட்டது போல் சரிவைப் பார்த்து இறங்கத் தொடங்கியது.

"பிடிங்கடா! பிடிங்க! என் போஞ்சி!" என்று கீழே பீன்ஸ் கொடி போட்டிருந்த மாமனார் அலறினார். ஐந்தாறு பேர் பின்னால் தொங்கினார்கள். கடைசியில், கையில் கடிதத்தோடு ஓடிய பத்திநாதன்தான் ஒரு கல்லை உதைத்துச் சக்கரத்தடியில் தள்ளினார். போஞ்சிக் கொடிக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது.

அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு காலுறை கீழே இறங்கிக் கிடந்தது.

"வண்டிதான் சேர்" என்றார். "சந்தேகமே இல்ல."

துரை ஜீப்பின் மூக்கில் வைத்தே கையெழுத்துப் போட்டார். மாதத்துக்கு ஒரு தடவை உருட்டிக் காட்ட வேண்டும் என்று அடியில் ஒரு வரி எழுதினார். போகும்போது, அடுத்த முறை மேட்டைப் பார்த்துத் தள்ளச் சொன்னார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பழைய இடத்துக்கு இழுத்து வந்து கல் வைத்த வண்டிக்குள் பூரணி தாழ்ப்பாளைப் போட்டாள். எண்ணெய் குடித்த தாழ்ப்பாள் 'ளொக்' என்று ஒரே சத்தத்தில் விழுந்தது. கூரையில் மழை கொட்டியது. ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. நிரோஷன் மெத்தையில் மல்லாந்து கிடந்தான்.

"தேத்தண்ணி ஊத்தட்டுங்களா?" என்று அவன் காதருகே குனிந்து கேட்டாள்.

"ஏன் ரகசியமா கேக்குற?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தேத்தண்ணி ஊத்தட்டுங்களா!" என்று பூரணி முழுத் தொண்டையில் கேட்டாள். தன் குரல் இவ்வளவு பெரியதென்று அவளுக்கே ஞாபகமில்லை. அவன் அதைவிடப் பெரிதாக, "ஊத்துடி!" என்றான். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

கேத்தலை எடுக்கத் திரும்பியபோது கணுக்காலில் ஏதோ சில்லென்றது. குனிந்து பார்த்தாள். கறுப்பாக, மெல்லியதாக ஒன்று, எழும்பி ஆடிக்கொண்டிருந்தது.

வாய் தானாகத் திறந்தது. கத்தியிருந்தால் கொழுந்து நிறுக்கும் இடம் வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் பத்து எட்டில், லயத்தின் கடைசிக் காம்பராவில், அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். கேட்ட நொடியில் எழுந்து உப்புச் சட்டியைத் தேடுவாள்.

பூரணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன?" என்றான் நிரோஷன்.

"ஒண்ணுமில்ல" என்றாள், விரல்களுக்கிடையில். "அந்தச் சவக்காரக் கட்டிய எடுங்க. சத்தம் போடாம எடுங்க."